காயம்

பாசலில், ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்,
மணித்தியாலத்துக்கு இவ்வளவு பிராங்க் என்று
எனக்கு ஒரு ஒப்பந்தம்.
சொன்னதைச் சொல்ல வேண்டும்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

டாக்டர் ரெகுலா ஷ்டோல் படம் கீறினார்.
குடல். அதில் ஒரு முடிச்சு.
முடிச்சைச் சுற்றி நீலப் பேனையால் புள்ளிகள்.
"உங்கள் நோயெதிர்ப்புக் கலங்கள்" என்றேன்.
அருமைநாயகம் தலையை மட்டும் அசைத்தார்,
ஹோட்டல் குசினியில் இருபத்தேழு வருஷம்
ஓடர் கேட்டுப் பழகிய தலை.

கலங்கள் பேசிக்கொள்ளுமாம்.
அதற்கு ஜெர்மனில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.
என்னிடம் இருந்தது தூது.
அன்னமும் கிளியும் மேகமும் போன வேலைக்கு
இன்றைக்கு ஒரு புரதத்தை அனுப்பினேன்.

முடிச்சு தூது விடுகிறது.
காவலுக்கு வந்த கலங்கள் குணம் மாறுகின்றன.
சுற்றியுள்ள தசையை நெகிழ்த்துகின்றன,
புது இரத்தக் குழாய்க்கு வழி வெட்டுகின்றன.
அந்த வழியால் நாலைந்து கழன்று
ஈரலுக்கு ஓடும் நாளத்தில் இறங்குகின்றன.
ஈரலில் முன்கூட்டியே
ஆரோ பாய் விரித்து வைத்திருக்கிறார்கள்.

(பாய், டாக்டர் சொன்னதில்லை.
அவர் சொன்னது மண். தயாரான மண்.)

"அப்ப என்ர ஆக்களே காட்டிக் குடுத்திருக்கினம்."

நான் வாய் திறக்க முன்னம்
அவர் தொடர்ந்தார், சுவரைப் பார்த்தபடி:
"சுற்றிவளைப்பு. எல்லாரையும் வெயிலில இருத்தி,
ஒவ்வொருத்தரா நடக்க விடுவாங்கள்.
சாக்கு மூடின தலை ஒண்டு ஜீப்புக்குள்ள.
ரெண்டு ஓட்டை, ரெண்டு கண்.
அது ஆடினா ஆள் இல்லை.
தலையாட்டி எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

ஜெர்மனில் அதற்குச் சொல் இல்லை.
சாக்கு, ஓட்டை, வெயில், ஜீப்
எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன்.
டாக்டர் பேனையை மூடினார்.
வெளியே ட்ராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டது.

"இல்லை" என்றார் பிறகு.
"அவை காட்டிக் கொடுக்கவில்லை.
இங்கே ஒரு காயம், வந்து ஆற்று என்றுதான்
அவற்றுக்குச் செய்தி போயிருக்கிறது.
விரல் வெட்டினால் ஓடி வருபவை இவைதான்,
செய்வதும் இதே வேலைதான்.
இந்தக் காயம் ஆறாது. அவற்றுக்கு அது தெரியாது.
ஆற்றிக்கொண்டே இருக்கின்றன."

காயம் என்று சொல்லி முடித்த பிறகுதான்
எனக்கே உறைத்தது.
நம் மொழியில் புண்ணும் அதுதான், உடம்பும் அதுதான்.
காயம், காயம் என்று உள்ளே ஒன்று கூப்பிட்டால்
எதைக் கேட்டு எது வரும்?

அவர் இடது கையை விரித்தார்.
ஆட்காட்டி விரலில் குறுக்கும் நெடுக்கும்
வெள்ளைக் கோடுகள். உருளைக்கிழங்கு, வெங்காயம்,
ஒரு புதுவருஷ இரவில் இறைச்சிக் கத்தி.
"இதெல்லாம் ஆத்தினதும் அவையளோ?"

"அவைதான்" என்றேன்.
டாக்டரிடம் கேட்காமல்.

தூதை மறிக்கும் ஊசி ஒன்று இருக்கிறது,
பரிசோதனையில். உத்தரவாதம் இல்லை.
பதினொரு பக்கப் படிவம்.
"மறிச்சா, கை வெட்டினா ஆறாதோ?"
கேட்டுச் சொன்னேன்: மெதுவாகத்தான் ஆறும்.
"நான் இனி ஆருக்குச் சமைக்க" என்று
கையெழுத்துப் போட்டார், தமிழில்,
கொம்பு, சுழி ஒன்றும் விடாமல்.

பெரிய கோயிலடியில் இறங்கி
ரைனைக் கடக்கும் படகுக்கு நின்றோம்.
மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை.
மேலே ஒரு கம்பி, அதில் ஒரு கயிறு.
ஓட்டுகிறவர் சுக்கானைச் சற்றுத் திருப்ப,
கீழ்நோக்கிப் போகிற தண்ணீரே
கலத்தைத் தள்ளி அக்கரைக்கு விட்டது.

"ஆத்துக்குத் தெரியுமோ" என்றார்,
"தான் ஆக்களை ஏத்திக்கொண்டு போறது?"

இதற்கு என்னிடம் காசு வாங்கிய எவரும் இல்லை.
பதில் சொல்லலாம்.
சொல்லவில்லை.

இரவு, நேரப் படிவத்தை நிரப்பினேன்.
ஐம்பத்தைந்து நிமிஷம்.
சொன்னதற்கு மேல் சொன்னது: உண்டு / இல்லை.
பேனை நெடுநேரம்
உண்டு என்பதன் மேலேயே நின்றது.